கடலுக்கு அடியில் சேற்று நீரோட்டம் தனியாக எப்படி ஓடுகிறது?

சுற்றிலும் தண்ணீராக இருக்கும்போது, அதற்குள் சேறு கலந்த தண்ணீர் மட்டும் எப்படித் தனியாக ஓடும் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் நிலவியல் படித்தபோது இதன் வரையறையை மனப்பாடம் செய்தேன். ஆனால் புரிந்தது என்னவோ, பல வருடம் கழித்து மகளோடு ஒரு மீன் தொட்டியில் செய்து பார்த்தபோதுதான்.

காலித் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு இரண்டு புத்தகம் முட்டுக்கொடுத்துச் சாய்த்து, நல்ல தண்ணீர் நிரப்பினோம். ஒரு சொம்பில் மணலும் களிமண்ணும் கரைத்து, மேடான பக்கச் சுவரை ஒட்டி மெல்ல ஊற்றினோம். தொட்டி முழுக்கக் கலங்கிவிடும் என்றுதான் நினைத்தோம். இல்லை. சேறு நேராக அடிக்கு இறங்கி, தரையோடு தரையாகப் பள்ளத்தை நோக்கி ஓடியது. அதன் தலை மட்டும் உப்பியிருந்தது. பின்னால் புகை மாதிரி சுருள் சுருளாக எழும்பியது. மேலே இருந்த தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது.

காரணம் கனம்தான். மண் கலந்த தண்ணீர் சுற்றியுள்ள தண்ணீரைவிடக் கனமானது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, மண் கூடவே போகிறது. கடலடியில் சரிவில் இறங்குவது மண். அது தண்ணீரை இழுத்துக்கொண்டு போகிறது. ஓட்டத்தில் இருக்கும் சுழிப்பு துகள்களைப் படியவிடாது. சரிவு செங்குத்தாக இருந்தால் தரையையும் அரித்துச் சேர்த்துக்கொள்ளும். கனம் கூடும், அப்புறம் வேகமும் கூடும்.

எவ்வளவு வேகம் என்பதை முதலில் காட்டிக்கொடுத்தவை தந்திக் கம்பிகள். 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, கிராண்ட் பேங்க்ஸ் என்ற ஆழம் குறைந்த கடல் மேட்டின் பக்கம் 7.2 அளவில் நிலநடுக்கம். சுனாமி வந்து 28 பேர் இறந்தார்கள். அட்லாண்டிக்கின் அடியில் கிடந்த 12 தந்திக் கம்பிகள் அறுந்தன. நடுக்க மையத்துக்கு அருகில் இருந்தவை உடனே போயின. ஆழத்தில் இருந்தவையோ ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கடைசிக் கம்பி 13 மணி 17 நிமிடம் கழித்து. நிலநடுக்கம் அவ்வளவு நேரம் நீடிக்காதே! எந்தக் கம்பி எப்போது அறுந்தது என்ற நேரக் குறிப்புகள் இருந்ததால், 1952இல் ஹீசன், யூயிங் என்ற இரண்டு கடலடி ஆய்வாளர்கள் கம்பிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அந்த நேரத்தால் வகுத்துப் பார்த்தார்கள். சரிவிலிருந்து கிளம்பிய சேற்று வெள்ளம்தான் அறுத்தது என்று தெரிந்தது. தொடக்கத்தில் அது மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடியிருக்கிறது. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நிலநடுக்கம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றில் பெருவெள்ளம் வந்த பிறகு, 2020 ஜனவரியில் அதன் முகத்துவாரத்திலிருந்து கிளம்பிய ஓட்டம் 1,100 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, இணையக் கேபிள்களை அறுத்தது.

சரிவு குறைந்ததும் வேகம் தளரும். முதலில் பருமணல் படியும், கடைசியில் நுண்சேறு. மறுநாள் காலை எங்கள் தொட்டியிலும் அப்படித்தான்: ஊற்றிய பக்கம் கையில் நறநறத்தது, மறுபக்கம் மாவு மாதிரி வழுக்கியது. வங்கக் கடலின் அடியில் இது மாபெரும் அளவில் நடந்திருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த இமயமலை மண், இப்படியே ஓடி ஓடி, இலங்கையையும் தாண்டித் தெற்கே படிந்து கிடக்கிறது.