ஆற்று நீரின் தரத்தை எடையிட்ட குறியீட்டெண்ணால் அளப்பது எப்படி?

ஒன்பது சோதனை முடிவுகளை எப்படி ஒரே எண்ணாக்குவது, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆக்சிஜன், நைட்ரேட், கலங்கல் எல்லாம் வெவ்வேறு அலகில் இருப்பதால் நேரடியாகக் கூட்ட முடியாது. ஒவ்வொன்றுக்கும் உரிய வரைபட வளைகோட்டைப் பார்த்து 0 முதல் 100 வரை (100 என்றால் மிக நல்லது) ஒரு துணை மதிப்பெண் எடுங்கள். அப்புறம் அதை அந்தச் சோதனையின் எடையால், அதாவது அதன் முக்கியத்துவத்தைக் காட்டும் எண்ணால், பெருக்கிக் கூட்டினால் போதும்.

1970-இல் அமெரிக்காவில் உருவான குறியீட்டில் எடைகள் இப்படி: கரைந்த ஆக்சிஜன் 0.17, மலக் கோலிஃபார்ம் (மலக் கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) 0.16, பிஎச்சும் (அமில-காரத் தன்மை) உயிர்வேதி ஆக்சிஜன் தேவையும் (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) தலா 0.11, வெப்பநிலை மாற்றம், பாஸ்பேட், நைட்ரேட் தலா 0.10, கலங்கல் 0.08, மொத்தத் திடப்பொருள் 0.07. கூட்டினால் சரியாக 1. வல்லுநர்கள் பலரிடம் கருத்துக் கேட்டு முடிவு செய்த எடைகள் இவை.

சரி, எவ்வளவு நம்பலாம்? இங்கேதான் கவனம் வேண்டும். எட்டு அளவீடுகளுக்குத் தலா 90, கோலிஃபார்முக்கு மட்டும் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டு முறையில் விடை 76.4, அதாவது 'நல்ல நீர்' என்ற வகை. கழிவுநீர் கலந்த ஆற்றுக்கு இந்தப் பெயரா? எனக்கு இது ஆபத்தான விடையாகவே படுகிறது. கூட்டுவதற்குப் பதில், ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதன் எடைக்கு அடுக்கேற்றி (மதிப்பெண்^எடை), வரும் எண்களை ஒன்றோடொன்று பெருக்கினால் ஏறக்குறைய 57 வரும். 'நடுத்தரம்' என்று இறங்கிவிடும். அதுவும் முழு உண்மையைச் சொல்லாது. அதனால் அறிக்கையில் குறியீட்டெண்ணுக்குப் பக்கத்திலேயே மிகக் குறைந்த துணை மதிப்பெண்ணையும், அது எந்தச் சோதனையுடையது என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.