அப்டன் பார்க்கும் அரை ஷட்டரும்

அன்பின் அண்ணா,

கிழக்கு லண்டன் அப்டன் பார்க்கில் இருந்த போலின் மைதானத்தைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். வெஸ்ட் ஹாம் உதைபந்துக் கழகம் அங்கேயிருந்து போனதற்கு இவ்வளவு துக்கப்படுகிறீர்கள். எனக்கு அந்த இடத்தின் ஞாபகம் வேறு. கிரீன் ஸ்ட்ரீட்டில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. மட்ச் நாளில் மத்தியானத்துக்கு முன்பே ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிடுவார். நானும் தம்பியும் பால் பெட்டியில் இருந்துகொண்டு கீழ் இடைவெளியால் போகிற கால்களைப் பார்ப்போம். ஜீன்ஸும் வெள்ளைச் சப்பாத்தும் மட்டும்தான் தெரியும். சிலர் ஒவ்வொரு கடை ஷட்டரிலும் உள்ளங்கையால் அடித்துக்கொண்டே போவார்கள். தம்பி காதைப் பொத்திக்கொள்வான். அப்பா ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. ஆனால் வருடா வருடம் போட்டி அட்டவணையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பார், எந்தச் சனிக்கிழமை எத்தனை மணிக்கு ஷட்டரை இறக்கவேண்டும் என்று பார்ப்பதற்கு. ரசிகர்களின் ஞாபகங்கள் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். இதை யார் எழுதுவது?

இன்னொரு விஷயம். அப்பா இப்போது கடையை விட்டுவிட்டார். திடீரென்று ஒரு மட்ச் பார்க்கவேண்டும் என்கிறார். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கிற புது மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?

ச., இல்ஃபோர்ட்

அன்பின் ச.,

யார் எழுதுவது என்று கேட்டுக்கொண்டே எழுதிவிட்டீர்கள். நான் அந்த மைதானத்தைப் பற்றி எழுதியதில் இந்தப் பால் பெட்டி அளவுக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் துக்கப்படுவதை நான் விடப்போவதில்லை, தங்கச்சி. எதற்காக என்பதை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். உங்கள் அப்பாவின் ஷட்டரும் அதற்குள்தான் வருகிறது.

பழைய மைதானத்தைப் பற்றி எந்த ஆங்கில ரசிகரைக் கேட்டாலும் ஒரே சாமான்களைத்தான் எடுத்து வைப்பார்: வதக்கிய வெங்காய வாசம், பொலிஸ் குதிரைச் சாணம், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டுப் படியேறியது, மேலே வந்ததும் கண்ணில் அடித்த பச்சை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப் போயிற்று. கவனித்துப் பார்த்தால் இதில் பாதி மைதானத்துக்குள் நடந்ததே இல்லை. எல்லாம் தெருவில் நடந்தவை. அப்டன் பார்க்கின் விசேஷமும் அதுதான். தெரு எங்கே முடிகிறது, மைதானம் எங்கே தொடங்குகிறது என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாது.

1904இல் வெஸ்ட் ஹாம் அங்கே வந்தபோது அது கிரீன் ஸ்ட்ரீட் ஹவுஸ் என்ற பழைய மாளிகையின் காணி. எட்டாம் ஹென்றி அரசனின் மனைவி ஆன் போலின் அங்கே இருந்தாள் என்ற கதையால் ஊரில் அதைப் போலின் கோட்டை என்பார்கள். பக்கத்தில் கத்தோலிக்கக் கோவில், பள்ளிக்கூடம், பின்னால் வரிசை வீடுகள். சுற்றிவர அசைய இடமில்லை. 1970இல் ஸ்பர்ஸோடு (டொட்டன்ஹாம் அணி) நடந்த ஆட்டத்துக்கு 42,322 பேர் அந்த நெருக்கத்துக்குள் வந்ததுதான் அங்கே சாதனை. கடைசி வருடங்களில் எல்லாருக்கும் கதிரை போட்ட பிறகு 35,000 பேர்தான் கொள்ளும்.

நான் தொண்ணூறுகளின் நடுவில் பார்கிங் றோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். டிக்கெட் வாங்க வசதிவர முதல், குசினியில் நின்றே ஆட்டம் கேட்கப் பழகியவன். எங்கள் ஆட்கள் கோல் அடித்தால் யன்னல் கண்ணாடி அதிரும். வந்த அணி அடித்தால் ஒரு மூலையிலிருந்து மட்டும் மெல்லிசாக ஒரு சத்தம் வரும், பிறகு கப்சிப். பெனால்டி என்றால் முதலில் ஊளை, அப்புறம் இழுத்துப் பிடித்த அமைதி. ஸ்கோர் பார்க்க ரேடியோ தேவைப்படாது. உங்கள் அப்பாவுக்கும் இது தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். பூட்டிய கடைக்குள் இருந்து அவர் எத்தனை கோல் எண்ணியிருப்பாரோ!

பிறகு உள்ளே போகத் தொடங்கினேன். எனக்குக் கிடைத்தது ஈஸ்ட் ஸ்டாண்ட். அங்கே முன் வரிசைக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கத்தான் இடமிருக்கும். த்ரோ இன் எறிய வருகிற வீரர் பந்தைத் தன் சட்டையில் துடைப்பார். காலில் பூசிய தைலத்தின் வாசம் வரும். காதோரம் வியர்வை வழிவது தெரியும். பின்னாலிருந்து யாராவது அவருடைய தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அது அவருக்குக் கேட்கும், அவர் தாடை இறுகுவது எங்களுக்குத் தெரியும். 2001இல் புது வெஸ்ட் ஸ்டாண்ட் கட்டி ஆடுகளத்தை அந்தப் பக்கம் சில மீட்டர் தள்ளினார்கள். அந்தச் சில மீட்டருக்கே எங்கள் பக்கத்துக் கிழவர்கள் வருடக்கணக்கில் திட்டினார்கள்.

அதில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சிக்கன் ரன் காலத்து ஆள். ஈஸ்ட் ஸ்டாண்டுக்கு முன்பு அந்த இடத்தில் தகரக் கூரையும் பலகையும் கம்பி வலையுமாகச் சிக்கன் ரன் என்ற ஸ்டாண்ட் நின்றது, 1968இல் உடைத்தார்கள். அந்தக் கோழிக்கூட்டைப் பற்றி அவர் சொன்னதில் பாதி புளுகாக இருக்கும். சின்னப் பையன்களைத் தலைக்கு மேலால் கைமாற்றி முன்னுக்கு விடுவார்களாம். ஒரு நாள் என்னிடம், உங்கள் ஆட்களுக்கு கிரிக்கெட்தானே என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் மதில் ஏறி உதைபந்து பார்த்த கதையைச் சொன்னேன். நம்பவில்லை. பரவாயில்லை, அவருடைய கோழிக்கூட்டுக் கதையை நானும் முழுக்க நம்பவில்லைதானே.

சரி, ஷட்டருக்கு வருவோம்.

1980ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மே 10ஆம் திகதி வெஸ்ட் ஹாம் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே ஆர்சனலை வென்று எஃப்.ஏ. கிண்ணத்தை எடுத்தது. ட்ரெவர் புரூக்கிங் குனிந்து தலையால் தட்டிய கோல். கிண்ணம் வந்த அன்று கிழக்கு லண்டன் முழுக்கத் தெருவில் நின்றது. ஜூலையில், அங்கேயிருந்து நடந்து போகிற தூரத்தில், ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் அக்தர் அலி பேய்க் என்ற இளைஞரை நிறவெறியர்கள் குத்திக் கொன்றார்கள். ஒக்டோபர் முதலாம் திகதி ஸ்பெயினின் காஸ்டிலா அணியோடு அப்டன் பார்க்கில் ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ண ஆட்டம். மாட்ரிட்டில் நடந்த முதல் ஆட்டத்தில் வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் செய்த குழப்படிக்குத் தண்டனையாகப் பார்வையாளர்களே இல்லாமல் நடந்தது. உள்ளே இருந்தவர்களை எண்ணி 262 என்று பதிந்தார்கள். 5-1 வெற்றி, வீரர்கள் கத்துவது மட்டும் கேட்டது. ரசிகர்களின் நினைவுக் கட்டுரைகளில் மே மாதம் எப்போதும் இருக்கும். ஒக்டோபரைப் பகிடியாகச் சொல்வார்கள். ஜூலை வராது. அது உதைபந்து சம்பந்தப்பட்டது அல்ல என்பார்கள். உண்மைதான். ஆனால் உங்கள் அப்பா போன்றவர்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து பாடிக்கொண்டு வந்தால் ஷட்டரைத் தொட்டது ஜூலையை வைத்துத்தான், மே மாதத்தை வைத்து அல்ல.

மைதானத்துக்குள்ளும் அப்படித்தான். பெர்முடாவிலிருந்து வந்த கிளைட் பெஸ்ட் 1969இல் முதன்முதல் ஆடினார். வாசலில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவெறிக் கட்சியின் பத்திரிகை விற்றவர்கள் இருந்த காலம். முகத்தில் அசிட் ஊற்றுவோம் என்று ஒரு மொட்டைக் கடிதமும் அவருக்கு வந்தது. அதே மைதானத்தில்தான் 1972 ஏப்ரல் முதலாம் திகதி ஸ்பர்ஸுக்கு எதிராக பெஸ்ட், கிளைவ் சார்ல்ஸ், ஏட் கோக்கர் மூவரும் ஒன்றாக இறங்கினார்கள். இங்கிலாந்தின் முதற்பிரிவில் ஒரே அணிக்கு மூன்று கறுப்பு வீரர்கள் ஆடியது அதுதான் முதல் தடவை. வெஸ்ட் ஹாம் 2-0 என்று வென்றது. இதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுகிற கணக்கு எனக்குப் பிடிக்காது. பெருமைப்படுகிறவர்களும் விடுகிறார்கள், திட்டுகிறவர்களும் விடுகிறார்கள்.

கடைசி இரவு நடந்ததையும் இதோடு சேருங்கள். 2016, அதுவும் மே 10ஆம் திகதி. எழுதுகிற எல்லாரும் வின்ஸ்டன் ரீட் 80ஆவது நிமிடத்தில் தலையால் அடித்து மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று வென்றதில் கொண்டுபோய் முடிப்பார்கள். எனக்கு அதற்கு முந்தினதும் ஞாபகம். யுனைடெட் வந்த பஸ் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. போத்தல்கள் பறந்தன, கண்ணாடி வெடித்தது, வீரர்கள் பஸ்ஸுக்குள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். ஆட்டம் முக்கால் மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. இருக்கிறதே ஒரு தெரு. அதற்குள்ளால்தான் எல்லாரும் வரவேண்டும். உங்கள் அப்பா வருடக்கணக்கில் அட்டவணை ஒட்டித் தெரிந்துகொண்டதை யுனைடெட் கடைசி நாளில் தெரிந்துகொண்டது.

வீரரின் வியர்வை எனக்குத் தெரிந்ததும், ஷட்டரில் விழுந்த அடி உங்கள் தம்பிக்குக் காதைப் பிளந்ததும் ஒரே நெருக்கத்தால்தான். நான் துக்கப்படுவது அந்த நெருக்கத்துக்கு. அதன் செலவில் ஒரு பங்கை நீங்கள் கட்டினீர்கள், நான் அனுபவித்தேன். அப்படி எழுத எனக்குக் கூச்சம் இல்லை. அதை மறைத்து எழுதினால்தான் கூச்சப்படவேண்டும்.

அந்த இடத்தில் இப்போது 800க்கும் மேற்பட்ட ஃபிளாட்டுகள். கழகம் தன் சின்னத்திலிருந்து கோட்டையை எடுத்துவிட்டு ‘லண்டன்’ என்று எழுதிக்கொண்டது. அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

அப்பாவைக் கூட்டிப் போகலாமா என்றால், தாராளமாகப் போங்கள். ஸ்ட்ராட்ஃபோர்டைப் பற்றி ரசிகர்கள் சொல்கிற குறை எல்லாம் உண்மை. ஒலிம்பிக்குக்குக் கட்டியது, சுற்றிவர ஓடுதளம், ஆடுகளம் தூரத்தில். 2018இல் பேர்ன்லியிடம் தோற்ற அன்று கோபத்தில் சனம் உள்ளே இறங்கிய கூத்தும் நடந்தது. ஆனால் அந்தத் தூரம் எல்லாருக்கும் நட்டம் அல்ல. யாருடைய கடை வாசலும் அங்கே குறுக்கே இல்லை. குடும்பங்களாக வருகிறார்கள். பழைய இடத்தில் ஒரு சீசன் முழுக்கப் பார்க்காத அளவு எங்கள் முகங்களை அங்கே ஒரே நாளில் பார்க்கிறேன். 2023இல் ப்ராகில் ஃபியோரென்டினாவை வென்று கிண்ணம் எடுத்தபோது, 1980க்குப் பிறகு வந்த முதல் பெரிய கிண்ணம் அது, ஈஸ்ட் ஹாமில் கார் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் எங்கள் பொடியன்கள்.

சில யோசனைகள். கோல் கம்பத்துக்குப் பின்னால் டிக்கெட் வாங்காதீர்கள், மற்றப் பக்கக் கோல் யார் அடித்தது என்றே தெரியாது. பில்லி பொண்ட்ஸ் ஸ்டாண்டில் கீழ்த் தளத்தின் மேல் வரிசைகள் நல்லது. பெரிய அணி வருகிற ஆட்டத்துக்கு அலையாதீர்கள். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டமாகப் பாருங்கள். ஸ்ட்ராட்ஃபோர்ட் ஸ்டேஷன் பக்கம் திரும்பி வராதீர்கள். அங்கே ‘நில்’, ‘போ’ என்ற பலகையைத் தூக்கிப் பிடித்துக் கூட்டத்தைக் கூட்டமாக விடுவார்கள், அப்பாவின் கால் நோகும். ஹக்னி விக் பக்கம் நடந்தால் கொஞ்சம் லேசு. கழகத்தின் குமிழிப் பாட்டு தொடங்கும்போது எல்லாரும் எழும்புவார்கள், நீங்களும் எழும்புங்கள். இத்தனை வருடம் கடைக்குள் இருந்து கேட்டிருக்கிறார், அப்பாவுக்கு வரிகள் உங்களைவிட நன்றாகத் தெரியும்.