டைகர் மொத் நுவரெலியாவில் குட்டிக்கரணம் போடுமா?

அன்புள்ள ஐயா,

டைகர் மொத் என்ற பழைய இரட்டை இறக்கை விமானம் வானத்தில் வித்தை காட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். குட்டிக்கரணம் போடும்போது எஞ்சின் ஒழுங்காக ஓடியது. பக்கவாட்டில் மெதுவாகப் புரண்டு தலைகீழானபோது மட்டும் இருமிவிட்டு அடங்கிப்போனது. இரண்டிலும் தலைகீழ்தானே? இன்னொன்று: ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயம், கார் பந்தயம் எல்லாம் நடக்கின்றன. ரேஸ்கோர்ஸுக்கு மேலே இப்படி ஒரு விமானத்தையும் பறக்கவிட்டால் என்ன?

வாசகர், பொகவந்தலாவை

அன்புள்ள நண்பருக்கு,

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். குட்டிக்கரணத்தில், அதாவது லூப்பில், விமானம் விடாமல் வளைந்துகொண்டே போகிறது. அதனால் உச்சியில் தலைகீழாக இருக்கும்போதும் விமானியைச் சீட்டோடு அழுத்தும் விசை கொஞ்சம் மிச்சமிருக்கும். பெட்ரோலும் டாங்கியின் அடியிலேயே கிடக்கும். 1913 செப்டம்பரில் கீவ் நகரில் முதல் லூப்பைப் போட்ட ரஷ்ய இராணுவ விமானி நெஸ்தெரோவ் இதை நம்பித்தான் துணிந்தார். அரசாங்கச் சொத்தை ஆபத்துக்குள்ளாக்கினார் என்று அவரைப் பத்து நாள் காவலில் வைத்தார்கள். அப்புறம் பதவி உயர்வும் கொடுத்தார்கள். அரசாங்கம் எங்கேயும் அரசாங்கம்தான்.

மெதுவாகப் புரளும் ஸ்லோ ரோலில் அந்த அழுத்தம் இல்லை. விமானி பெல்ட்டில் தொங்குகிறார். டைகர் மொத்தின் டாங்கி மேல் இறக்கையின் நடுவில் இருக்கிறது. பம்ப் இல்லை, பெட்ரோல் தன் பாரத்தில்தான் கீழே இறங்கும். தலைகீழானால் எப்படி இறங்கும்? பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவையும் குழம்பிவிடும். புரொப்பெல்லர் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை, நிமிர்ந்ததும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வேகம் குறைந்து அதுவும் நின்றுவிட்டால்தான் தலைவலி. தரையில் ஒருவர் நின்று கையால் சுற்றிக் கிளப்புகிற எஞ்சின் அது. வானத்தில் யார் சுற்றுவது? மூக்கைக் கீழே குத்திப் பாய்ந்து, காற்றை வைத்துத்தான் சுற்றவைக்க வேண்டும். அதற்கு உயரம் செலவாகும்.

உயரம்தான் இங்கே விஷயமே. இன்றைய எக்ஸ்ட்ரா 300 விமானத்துக்கு 300 குதிரைத்திறன். நினைத்தால் செங்குத்தாக ஏறும். டைகர் மொத்துக்கு 130. மட்டமாகப் பறந்தால் மணிக்கு 175 கிலோமீட்டரைத் தாண்டாது. லூப்புக்கு அதைவிட அதிகம் வேண்டும் என்பதால், முதலில் கீழ்நோக்கிப் பாய்ந்து வேகம் சேர்க்க வேண்டும். கையிலிருக்கும் சம்பளத்தில் மாதத்தை ஓட்டுவது மாதிரி; அட்வான்ஸ் கிடையாது. அந்தக் கணக்குப் பிசகாமல் பறப்பதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும். புதிய விமானங்களின் வித்தை பிரமிப்பாக இருக்கிறது, ஆனால் ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடுகிறது.

சரி, நுவரெலியாவுக்கு வருவோம். ஊரே 1,868 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் பலமும் அந்த அளவுக்காவது இறங்கிவிடும். வேகமானி அதே எண்ணைக் காட்டினாலும் உண்மை வேகம் கூடியிருக்கும். விமானியைச் சீட்டோடு அழுத்தும் விசை அதே அளவில் இருக்கும்படி இழுத்தால் லூப்பின் வட்டம் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகும். பக்கத்திலேயே பீதுருதாலகாலை 2,524 மீட்டருக்கு நிற்கிறது. மலையைத் தாண்டி வரும் காற்று மறுபக்கத்தில் கீழே அமுக்கும். உவாப் பக்கத்தில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் அதன் குணம் தெரியும்.

அதைவிட மோசம், தொடுவானம் இல்லாதது. லூப்பின் உச்சியில் விமானி தலையைப் பின்னால் சாய்த்துத் தேடுவது அதைத்தான். இங்கே தேயிலைச் சரிவு தெரியும், இல்லாவிட்டால் மிஸ்ட் தெரியும். சரிவை மட்டமென்று நம்பினால் கோணலாகத்தான் வெளியே வருவார். 1974 டிசம்பர் 4 இரவு ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரைப் பலிகொண்ட டச்சு ஜெட்டைப் பற்றி உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதன் விமானிகள் கட்டுநாயக்க விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக நினைத்துத் தாழ இறங்கினார்கள். வித்தை எதுவும் காட்டவில்லை.

அதனால் என் பதில், வேண்டாம். கரையோரத்தில் கடலைப் பார்த்தபடி போடட்டும். கொழும்புப் பக்கம் போனால் இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகத்தை எட்டிப் பாருங்கள். அங்கே டைகர் மொத் இருக்கிறது. மேல் இறக்கையின் நடுவில் இருக்கும் அந்த டாங்கியையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.