எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஓணான் என் பையனைப் பார்த்துத் தலையாட்டித் தண்டால் எடுக்கிறது. ஓணான் சிவந்தால் கோபமாக இருக்கிறது என்று அர்த்தமா? பையனைக் கடித்துவிடுமா?

உங்கள் வீட்டுச் சுவரில் தலையாட்டுவது தோட்டத்து ஓணான் ஆணாகத்தான் இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் தோளும் சிவக்கும், தொண்டையோரம் கறுக்கும். அது தண்டால் எடுப்பது பக்கத்து ஆண் ஓணானுக்காக, உங்கள் பையனுக்காக அல்ல. கையில் பிடித்தால் கடிக்கும், விஷம் கிடையாது. ரத்தமும் உறிஞ்சாது.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் கடன்பட்டவன்.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம், எங்கு பார்த்தாலும் பாறை. ஆறாம் வகுப்பு லீவில் தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பதுதான் எங்கள் வேலை. தாகத்தில் இருந்த ராமருக்கு அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அதனால் அடித்தால் புண்ணியம். ஒருநாள் பாறை உச்சியில் ஒன்று நின்றது. முதுகு செக்கச்செவேல், விலாப்பக்கம் கரி. "டேய், கோவத்துல இருக்குடா, ரத்தத்த உறிஞ்சுது" என்றான் கூட்டாளி. கல்லை விட்டேன். குறி தப்பவில்லை. பக்கத்திலேயே மண் நிறத்தில் இன்னொன்று இருந்து ஓடியது, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அது பாறை ஓணான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் அதைப் பற்றி 2017இல் எழுதியதைப் பிற்பாடு படித்தேன். இன்னொரு ஆணோடு மோதும்போது அதன் முதுகு மஞ்சளாகும், விலா ஆரஞ்சாகும், அதுவும் சட்டென்று. முதுகு சிவந்து விலா கறுப்பது பெண்ணைக் கவர. அந்த மண் நிறத்து ஓணான் யாரென்று அப்போதுதான் புரிந்தது.

(நான் விலங்கியல் படித்தவன் இல்லை, கணக்கு எழுதுகிறவன். பன்னிரண்டு வயதில் செய்ததற்கு இப்போது யாரும் என்மேல் வழக்குப் போட வேண்டாம்.)

அதற்காக நிறத்துக்கும் மூர்க்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொன்னதாகவும் கிளம்பிவிடாதீர்கள். கலிபோர்னியாவில் ஒரு சின்னப் பல்லியினத்தில் ஆண்களின் தொண்டை நிறம் பிறவியிலேயே மூன்று வகை. சினெர்வோ, லைவ்லி என்ற இருவர் 1996இல் அதை எழுதினார்கள். ஆரஞ்சுத் தொண்டை முரடன், பெரிய இடத்தை வளைத்துப்போட்டுப் பல பெண்களை வைத்துக்கொள்வான். நீலத் தொண்டை தன் துணையை விட்டு நகராமல் காவல் காப்பான். மஞ்சளோ பெண் மாதிரி நடித்தே ஆரஞ்சின் எல்லைக்குள் புகுந்துவிடுவான். ஆரஞ்சு நீலத்தை ஜெயிக்கும், நீலம் மஞ்சளை, மஞ்சள் ஆரஞ்சை. முரட்டுத்தனம் எப்போதும் எடுபடுவதில்லை, அதனால்தான் மூன்றுமே தாக்குப்பிடிக்கின்றன.

அப்புறம், உங்கள் வீட்டில் ஓணான் வருகிறதே என்று சந்தோஷப்படுங்கள். இப்போது நான் இருக்கும் அடுக்ககத்தில் "பூச்சி பொட்டு வருது" என்று செடிவேலி முழுவதையும் வெட்டி சிமெண்ட் பூசிவிட்டார்கள். மாதம் 3,500 ரூபாய் பராமரிப்பு வேறு. எதைப் பராமரிக்கிறீர்கள் என்று வாட்ஸப் குழுவில் கேட்டேன். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்காதீங்க சார்" என்றார் செயலாளர். வேலி எங்கே சார் இருக்கிறது என்றேன். குழுவிலிருந்து தூக்கிவிட்டார்.