ஒன்பதாம் வகுப்பு கட்டுக்குள் வர மறுத்தால்: பத்து விதியை நான்காக்குங்கள்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இந்த ஆண்டுதான் கணிதப் பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு நான்தான் கிளாஸ் டீச்சர். ஆணும் பெண்ணுமாக 54 பேர். ஜூனில் 'ஒழுக்கமாக நடந்துகொள்', 'ஆசிரியரை மதி', 'நேரம் தவறாதே' என்று பத்து விதிகளைச் சார்ட்டில் எழுதி ஒட்டினேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாடமே நடத்த முடிவதில்லை. பக்கத்து வகுப்பு சார் கையில் கம்பு வைத்திருக்கிறார், அங்கே சத்தமே கிடையாது. "நீங்க ரொம்ப இடம் கொடுக்குறீங்க மேடம்" என்கிறார். காலாண்டு விடுமுறை முடிந்ததும் புதிதாகத் தொடங்க நினைக்கிறேன். என்ன விதி வைப்பது? மீறினால் என்ன செய்வது? ஹெச்.எம்.மிடம் அனுப்பலாமா?

பதில்: காலாண்டு விடுமுறைக்குப் பிறகு என்று நீங்கள் தேர்ந்தெடுத்த நேரம் சரியானது. நடுவில் ஒரு புதன்கிழமை திடீரென்று "இன்னையிலேர்ந்து எல்லாம் மாறப்போகுது" என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். விடுமுறை முடிந்து வரும் நாளில் அவர்களே ஏதோ புதிதாக எதிர்பார்ப்பார்கள்.

முதலில் அந்தச் சார்ட்டைப் பார்ப்போம். 'ஆசிரியரை மதி' என்பது நல்ல சொல்தான், ஆனால் விதியாக நிற்காது. ஒருவன் உங்களை மதிக்கிறானா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? "நான் என்ன பண்ணேன் மிஸ்?" என்று அவன் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது, அங்கேயே வாக்குவாதம் தொடங்கிவிடும். விதி என்றால், அது மீறப்பட்டதா இல்லையா என்பதில் உங்களுக்கும் அவனுக்கும் கருத்து வேறுபாடு வரக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற செயலாக எழுதுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசுவதில்லை. பெல் அடித்ததும் இடத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறப்பது. கேட்காமல் அடுத்தவர் பொருளைத் தொடுவதில்லை. யாரையும் பட்டப்பெயர், சாதி, உடம்பு, அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இந்த நான்கு போதும்.

அப்பா பெயரை எதற்குச் சேர்த்தேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நம் பள்ளிகளில் பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. வகுப்பில் ஒருவன் சும்மா "முருகேசா" என்பான், மூன்றாவது பெஞ்சில் இன்னொருவன் காம்பஸ் பெட்டியைத் தூக்கி எறிவான். என்ன நடந்தது என்று புரியாமல் எறிந்தவனைத் திட்டுவோம். கூப்பிட்டவன் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பான்.

நான்கு விதியும் நீங்கள் சொல்லி வருவதைவிடப் பிள்ளைகளிடமிருந்து வந்தால் நல்லது. 54 பேரை வைத்துக்கொண்டு விவாதம் நடத்தினால் சத்தமாகப் பேசுகிற ஆறு பேர் மட்டும்தான் விதி போடுவார்கள். அதனால் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுங்கள். "இந்த வகுப்பில் நான் படிப்பதற்கு எது இடைஞ்சலாக இருக்கிறது?" இதற்கு மட்டும் பதில், பெயர் எழுத வேண்டாம். கடைசி பெஞ்சுப் பையன்களே 'சத்தம்' என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். 'டீச்சர் வேகமாப் போறாங்க' என்றும் சில தாள் வரும், அதையும் மறைக்காமல் வாசியுங்கள். அப்புறம் உங்களுக்கென்று இரண்டு விதியைக் கரும்பலகையில் எழுதுங்கள்: தேர்வுத் தாளை ஒரு வாரத்தில் திருத்தித் தருவேன், பெல் அடித்த பிறகு பாடத்தை இழுக்க மாட்டேன். இந்த இரண்டையும் நீங்கள் காப்பாற்றினால் அந்த நான்கைக் கேட்கும் உரிமை வந்துவிடும்.

ஆனால் விதி மட்டும் வகுப்பை நடத்தாது. உங்களுக்கு மதியத்துக்கு மேல்தான் பிரச்சினை என்பதைக் கவனித்தீர்களா? காலையில் இருக்கிற அதே பிள்ளைகள்தான், அதே விதிகள்தான். மாறுவது, அவர்கள் வகுப்புக்குள் வருகிற விதம். சாப்பிட்டு, ஓடி விளையாடி, வேர்த்துப்போய், தண்ணீர்க் குழாயடியில் தள்ளுமுள்ளு முடித்து வருகிறார்கள். உட்கார்ந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. சும்மா இருக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் வகுப்பு உங்கள் கையைவிட்டுப் போய்விடுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் இது இன்னும் அதிகம். உங்கள் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்கள் ஒரு பாதி என்றால், சுற்றியுள்ள நடுநிலைப் பள்ளிகளில் எட்டு முடித்து வந்தவர்கள் மறுபாதி. ஒரு பள்ளியில் தண்ணீர் குடிக்கக் கேட்டுவிட்டுப் போக வேண்டும், இன்னொன்றில் எழுந்து போனாலே போதும். ஒரு பள்ளியில் பதிலைக் கோரஸாகக் கத்துவதுதான் நல்ல மாணவனுக்கு அடையாளம். அதையே உங்கள் வகுப்பில் செய்தால் அடாவடி என்கிறோம். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை, பழக்கம் வேறு, அவ்வளவுதான்.

ஆகவே பழக்கத்தைப் பாடம் மாதிரியே நடத்துங்கள். மதிய பெல்லுக்கு முன்பே கரும்பலகையில் இரண்டு சின்னக் கணக்கு எழுதியிருக்கட்டும், முந்தின நாள் பாடத்திலிருந்து, யாருக்கும் வரக்கூடியதாக. நீங்கள் வாசற்படியில் நில்லுங்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பலகையைக் கைகாட்டுங்கள். பேசவே வேண்டாம். பத்துப் பேர் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டால் பதினோராவது ஆள் கத்திக்கொண்டு வருவதற்குக் கொஞ்சம் கூச்சப்படுவான். அந்தக் கணக்கைத் திருத்த வேண்டியதில்லை, விடையை மட்டும் சேர்ந்து சரிபார்த்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விடலாம்.

நோட்டு வாங்குவதும் அப்படித்தான். "எல்லாரும் நோட்டைக் கொண்டாந்து வைங்க" என்றால் 54 பேர் மேசையை மொய்ப்பார்கள், அதில் இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள். கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் கைமாறி வரட்டும், ஒவ்வொரு வரிசையின் முதல் பெஞ்சும் அடுக்கி வைக்கட்டும். முதல் நாள் இதைச் செய்து காட்டுங்கள். சரியாக வராவிட்டால் திட்டாமல், "திருப்பிக் கொடுங்க, இன்னொரு தடவை பார்ப்போம்" என்று சொல்லி மறுபடி செய்ய வையுங்கள். முதல் வாரத்தில் பாதிப் பாடம் இதில் போகும். போகட்டும், அரையாண்டுக்குள் அந்த நேரம் திரும்பிக் கிடைத்துவிடும்.

கழிப்பறைக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். கதவருகே ஓர் ஆணியில் ஆண்களுக்கு ஓர் அட்டை, பெண்களுக்கு ஓர் அட்டை மாட்டுங்கள். அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு வயதுப் பெண்பிள்ளையை 54 பேர் முன்னால் எழுந்து நின்று அனுமதி கேட்க வைப்பது தேவையில்லாத கொடுமை. ஒரு பையன் தினமும் உங்கள் பீரியடில் மட்டும் அட்டையை எடுக்கிறான் என்றால், கணக்குதான் அவனுக்குப் பிரச்சினையாக இருக்கும். அதைத் தனியாக விசாரியுங்கள்.

ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்புகளை வீடியோ எடுத்துப் பார்த்து, 1970-ல் எழுதிய முடிவு இன்றும் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுகிறது. கட்டுக்குள் இருக்கிற வகுப்புக்கும் கலைந்து கிடக்கிற வகுப்புக்கும் வித்தியாசம், தவறு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதில் இல்லை. வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்பது டீச்சருக்குத் தெரிகிறது என்ற உணர்வு பிள்ளைகளுக்கு இருக்கிறதா, பாடம் நடுவில் அறுந்து தொங்காமல் ஓடுகிறதா, இவற்றில்தான் இருந்தது. இதற்காகவாவது கரும்பலகைப் பக்கம் முழுசாகத் திரும்பி நின்று ஐந்து நிமிடம் எழுதுவதை விடுங்கள். பக்கவாட்டில் நின்று எழுதப் பழகலாம். நீளமான கணக்கு என்றால் ஒரு மாணவியை எழுதச் சொல்லிவிட்டு நீங்கள் வகுப்புக்குள் நடங்கள்.

சரி, மீறினால்?

முதலில், லீடர் பலகையில் பெயர் எழுதும் வழக்கத்தை நிறுத்திவிடுங்கள். அதைப் போல வகுப்பைக் கெடுப்பது வேறொன்றில்லை. நண்பன் பெயர் வராது, பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் நான்கு பெருக்கல் குறி வரும். நீங்கள் பார்க்காத குற்றத்துக்கு நீங்கள் தண்டனை தருகிறீர்கள் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். லீடரைச் சாக்பீஸ் எடுத்துவரவும், ஆசிரியர் வராத பீரியடில் அலுவலகத்துக்குச் சொல்லவும் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன மீறலுக்குச் சின்னப் பதில்தான். பார்வை, பிறகு பக்கத்தில் போய் நிற்பது, பிறகு குனிந்து அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், "மூணாவது கணக்கை ஆரம்பி, ரெண்டு நிமிஷத்துல வந்து பார்க்கிறேன்." சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிட வேண்டும். இதுதான் முக்கியம். அவன் தலைக்கு மேலேயே நின்றால், நண்பர்கள் பார்க்க உங்களுக்குப் பணிவதா எதிர்ப்பதா என்று அவனைத் தேர்வு செய்ய வைக்கிறீர்கள். பதினான்கு வயதில் பெரும்பாலும் எதிர்ப்பைத்தான் தேர்வு செய்வான். நகர்ந்துவிட்டால் முனகிக்கொண்டாவது நோட்டைத் திறப்பான். அந்த முனகலைக் காதில் வாங்காதீர்கள். இரண்டு நிமிடத்தில் போய்ப் பார்க்கிறேன் என்றால் மட்டும் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால், "பெல் அடிச்சதும் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துட்டுப் போ." வகுப்பு காலியான பிறகு பேசினால் அதே பையன் வேறு ஆளாக இருப்பான். என்ன நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, நாளைக்கு என்ன செய்வாய் என்று கேளுங்கள். காகித ராக்கெட் விட்டவன் பெருக்கிவிட்டுப் போகலாம், பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவன் அந்தப் பிள்ளையிடம் நேரில் பேசலாம். நூறு தடவை இம்போசிஷன் மட்டும் வேண்டாம். எழுதுவது தண்டனை என்று கற்றுக்கொடுத்துவிட்டு மறுநாள் 'வீட்டுக்கணக்கு எழுதிட்டு வா' என்றால் எப்படி வருவான்? வகுப்பு முழுவதையும் சேர்த்துத் தண்டிப்பதும் அப்படியே, உங்கள் பக்கம் இருந்த நாற்பது பேரும் அன்றே அந்தப் பக்கம் போய்விடுவார்கள். "டி.சி. கொடுத்துடுவேன்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். உங்களால் கொடுக்க முடியாது என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

பெற்றோரைக் கூப்பிடும் விஷயத்தில் ஒரு யோசனை. அடிக்கடி சேட்டை செய்கிற ஐந்தாறு பேர் வீட்டுக்கு, பிரச்சினை வருவதற்கு முன்பே, ஒரு நல்ல செய்தியோடு போன் செய்யுங்கள். "இன்னைக்குப் போர்டுல வந்து கணக்குப் போட்டான்" என்றால் போதும். பள்ளியிலிருந்து போன் என்றாலே பதறுகிற அம்மா, அடுத்த முறை நீங்கள் குறை சொல்லும்போது பிள்ளையை அடிக்காமல் உங்களோடு நின்று பேசுவார்.

இடம் மாற்றி உட்கார வைப்பதற்கும் இதே நாளைப் பயன்படுத்துங்கள். 2023-ல் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024-ல் தந்த அறிக்கையில் பெயரின் அகரவரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்கச் சொன்னது, கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்றும் சொன்னது. பிள்ளைகள் தாங்களாகச் சேர்ந்து உட்கார்ந்தால் பல ஊர்களில் தெருவாரியாகத்தான் உட்காருவார்கள். அகரவரிசை என்றால் யாரையும் குறிவைத்ததாகவும் இருக்காது. கண் பார்வை, காது கேட்பது போன்ற காரணம் உள்ளவர்களை மட்டும் முன்னால் நகர்த்துங்கள். கயிற்றை எல்லார் முன்னாலும் கத்தரிக்கோலால் வெட்டுகிற வீரம் வேண்டாம். அதைத் தலைமையாசிரியர் வழியாக, பள்ளி முழுவதற்குமான முடிவாகக் கொண்டு போக வேண்டும்.

இனி, கம்பு. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளில் திருத்தம் செய்து உடல்ரீதியான தண்டனையை நீக்கிவிட்டார்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு, அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, 'உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு' என்பது எதுவும் ஆசிரியர் உரிமையில் வராது. சட்டத்தை விடுங்கள், அந்த சார் சி.எல். போடும் நாளில் அவர் வகுப்பு வாசலில் போய் நின்று பாருங்கள். கம்பு இல்லாத நாளில் அந்த வகுப்பை யாராலும் உட்கார வைக்க முடியாது. நீங்கள் தேடுவது, நீங்கள் லீவு போட்டாலும் பலகையில் உள்ள இரண்டு கணக்கைப் போடத் தொடங்குகிற வகுப்பு. அதற்கு நாள் பிடிக்கும், அவர் கிண்டல் செய்வதும் கொஞ்ச நாள் தொடரும்.

ஹெச்.எம்.மிடம் அனுப்புவதற்கு முன் அவரிடம் நீங்கள் முதலில் போங்கள். நான்கு விதியையும் காட்டி, "எதற்கெல்லாம் உங்களிடம் அனுப்பலாம்?" என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அடிதடி, போதைப்பொருள், பாலியல் சீண்டல், சாதியைச் சொல்லித் தாக்குவது, இவை வகுப்பறைக்குள் தீர்க்கிற விஷயங்கள் அல்ல, அன்றே அவருக்கும் தெரிய வேண்டும், எழுத்திலும் இருக்க வேண்டும். பேசிக்கொண்டே இருப்பது, வீட்டுப்பாடம் எழுதாதது போன்றவற்றை அனுப்பினால், இந்த டீச்சரால் முடியவில்லை என்று வகுப்பு எடுத்துக்கொள்ளும். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று ஒடுங்கிப்போனாலோ, காரணமில்லாமல் சீறினாலோ அதை விதிமீறலாகப் பார்க்காதீர்கள். தனியே அழைத்து விசாரியுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரண்டு எண்ணையும் அந்தப் பழைய சார்ட் இருந்த இடத்தில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.