களிமண் தரையில் செயற்கைப் புல்: முதலில் தண்ணீருக்கு வழி

மழை விட்டு இரண்டு நாளாகியும் புது வீட்டின் பின்புறம் தண்ணீர் நிற்கிறது, செயற்கைப் புல் விரித்தால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. விரிப்பின் துளை வழியே தண்ணீர் இறங்கும்; அடியில் இருக்கும் களிமண் வாங்காது. கட்டும்போது லாரியும் பொக்லைனும் ஏறி இறங்கி மண் வேறு இறுகிப்போயிருக்கும்.

ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். மறுபடி நிரப்புங்கள். மணிக்கு அரை அங்குலம்கூட இறங்கவில்லையென்றால் தண்ணீரை மண்ணுக்குள்ளேயே இறக்கும் உறிஞ்சுகுழி வெட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். அதற்கும் காசு வாங்கிக்கொண்டு வெட்டித் தர ஆள் இருப்பார்கள், அது வேறு விஷயம்.

விரிப்புக்கு அடியிலுள்ள மண்ணையே, தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓடும்படி 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் (சரிவு) கொடுத்து வெட்டுங்கள். மேலே ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு, மண்ணைத் தடுக்கும் துணி), அதன்மேல் 4 அங்குலம் தூள் இல்லாத ஜல்லி. வெறும் மணல் கொட்டினால் சேற்றோடு கலந்து அமுங்கிவிடும். தாழ்வான ஓரத்தில் ஜல்லி நிரப்பிய வாய்க்கால், அதற்குள் துளையிட்ட பிவிசி குழாய்.

சரி, அந்தக் குழாயை எங்கே கொண்டுபோய் விடப்போகிறீர்கள்? பக்கத்தில் மழைநீர் வடிகால் இருக்கிறதா? கழிவுநீர்க் குழாயில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.