ஸ்பானிஷ் ராக் இசைக்கு வழி போட்ட குழு எது?

"ஸ்பானிஷ் மொழியில் ராக் இசைக்கு வழி போட்ட குழு எது, அவர்களை இன்னும் ஏன் கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில் லோஸ் கத்தோஸ். அர்ஜென்டினா, 1967.

அதற்கு முன்பே ஸ்பானிஷில் ராக் பாடியவர்கள் உண்டு. மெக்சிகோவின் லோஸ் டீன் டாப்ஸ் 1960 வாக்கிலேயே பாடினார்கள், ஆனால் பெரும்பாலும் அமெரிக்க மெட்டுகளுக்கு ஸ்பானிஷ் வரிகள். உருகுவேயின் லோஸ் ஷேக்கர்ஸ் சொந்தமாக எழுதினார்கள், அதுவோ ஆங்கிலத்தில். மெட்டும் தன்னுடையது, மொழியும் தன்னுடையது என்று பாடி நாட்டையே கேட்க வைத்தவர்கள் லோஸ் கத்தோஸ்தான்.

அந்தப் பாட்டு 'லா பால்சா'. அது பிறந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். புவனோஸ் ஐரஸில் லா குவேவா என்ற சின்ன கிளப்பில் வாசித்து முடித்ததும், பையன்கள் விடிய விடியத் திறந்திருக்கும் லா பெர்லா காபிக் கடைக்குப் போவார்கள். மேசையில் கிடார் வாசிக்க முடியாது. அதனால் கழிவறைக்குள் போய் வாசிப்பார்கள். அங்கேதான் தாங்கித்தோ என்ற இளம் பாடகர், 'தனியாக, சோகமாக இருக்கிறேன்' என்று தொடங்கும் வரியைப் பாடிக் காட்டினார். ரொசாரியோ நகரிலிருந்து வந்த, லோஸ் கத்தோஸின் பாடகர் லித்தோ நெப்பியா அதை முழுப் பாட்டாக்கினார். அப்போது அவருக்கு 19 வயதுகூட நிரம்பவில்லை.

பால்சா என்றால் தெப்பம். கிடைக்கிற கட்டையெல்லாம் சேர்த்துத் தெப்பம் கட்டுவேன், கடலில் மூழ்கிப் போவேன் என்கிறது பாட்டு. மூழ்குவது என்பது அந்தக் கூட்டத்தின் குழூஉக்குறி: இரவெல்லாம் கடை கடையாகத் திரிவது. ஓங்கானியாவின் ராணுவ ஆட்சிக் காலம் அது. முடி நீளமாக வளர்த்தாலே போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் இந்தப் பாட்டு 2 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அப்புறம் கதவு திறந்துவிட்டது. அல்மெந்த்ரா, மனால் என்று அடுத்தடுத்துத் தாய்மொழியில் பாடும் குழுக்கள் வந்தன. லோஸ் கத்தோஸ் 1970-லேயே கலைந்தார்கள். டிரம்ஸ் வாசித்த ஒஸ்கார் மோரோ பிறகு செரு ஹிரான் குழுவில் பெயர் வாங்கினார்.

கேட்கும்போது சிரோ ஃபொக்லியாத்தாவின் ஆர்கனைக் கவனியுங்கள். தாங்கித்தோ 1972-இல் ரயிலில் அடிபட்டு இறந்தார், வயது 26. இசைத்தட்டில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. நெப்பியாவுக்குப் பக்கத்தில் ராம்செஸ் என்று இருக்கும், அது அவர்தான்.